சம்பளத் துண்டிலிருந்து தொடங்குவோம்

சம்பள நாள் மாலையில் நோட்டன் பிரிட்ஜ் பஸார் நிறைந்துவிடும். அரிசி, பருப்பு, பிள்ளைக்குக் கொப்பி, மாமியாருக்கு மருந்து என்று வாங்கிக்கொண்டு, மிச்சக் காசை இரண்டு மூன்று தடவை எண்ணிவிட்டு பஸ் ஏறும் அக்காமாரை இந்தப் பக்கத்தில் வளர்ந்த எவரும் பார்த்திருப்பார்கள். காசை எண்ணுகிறார்கள். காசுக்குக் கணக்குச் சொல்லும் சம்பளத் துண்டை மட்டும் யாரும் விரித்துப் பார்ப்பதில்லை. அது நாலாக மடிந்து பைக்குள் போகிறது. அடுத்த மாதத் துண்டு வரும்போது பழையது அடுப்புக்குப் போகிறது. சில வீடுகளில் வெற்றிலை மடிக்கவும் உதவுகிறது.

மலையகத்தில் வளர்ந்தவர்களுக்கு எழுத்தும் கணக்கும் கற்பிக்க யாராவது முன்வந்தால், அவர்களுடைய முதல் பாடப்புத்தகம் அந்தச் சம்பளத் துண்டாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. அதை இந்தச் சஞ்சிகையில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. வாசிப்பவர்களில் பாதிப்பேர் என்னைப் போன்ற மாணவிகள், மறுபாதி எங்கள் பெற்றோர். கற்பிக்கக்கூடியவர்களும், கற்பிக்க அனுமதி தரவேண்டியவர்களும் ஒரே பக்கத்தை வாசிக்கும் இடம் வேறு கிடையாது.

முதலில் அந்தத் துண்டில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். எத்தனை பேர் என்று ஒரு கட்டம். தோட்டத்துப் பேச்சில் ‘பேர்’ என்றால் ஒரு முழு நாள் வேலை. தோட்டம் வைத்திருக்கும் அளவுக்குக் கொழுந்து கிலோ வராவிட்டால் அது அரைப் பேர். அளவுக்கு மேல் பறித்த கிலோவுக்குத் தனிக் காசு. பிறகு கழிவுகள்: சேமலாப நிதி, தொழிற்சங்கச் சந்தா, பண்டிகை முற்பணத்தின் தவணை, தேயிலைத் தூள், கோயிலுக்கு என்று ஏதாவது. கடைசியில் கைக்கு வரும் தொகை. பெரும்பாலும் தலைப்புகள் ஆங்கிலச் சுருக்கெழுத்துகளில் இருக்கும். சாதாரண தரத்தில் கணிதத்துக்கு ஏ எடுத்த தோழி ஒருத்தியே தன் தாயின் துண்டைப் பார்த்துவிட்டு, எது வரவு எது கழிவு என்று தெரியாமல் திருப்பிக் கொடுத்தாள். அவளுக்குச் சதவீதம் தெரியும். வங்கி வட்டி, கூட்டு வட்டி, தள்ளுபடி எல்லாம் தெரியும். தன் தாயின் சம்பளத்தில் எத்தனை சதவீதம் எங்கே போகிறது என்று கேட்கும் கணக்கு மட்டும் பாடப்புத்தகத்தில் வரவில்லை.

அந்தக் கணக்கை இங்கேயே போட்டுப் பார்க்கலாம். 2024 இல் வர்த்தமானியில் வந்த நாட்சம்பளம் 1350 ரூபாய். சம்பளம் கூடினாலும் கணக்குப் போடும் முறை மாறப்போவதில்லை. ஆகவே அந்தத் தொகையையே எடுத்துக்கொள்கிறேன். ஒருவர் மாதத்தில் 20 பேர் போட்டால் 27,000 ரூபாய். ஊழியர் சேமலாப நிதி 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. அதன்படி தொழிலாளியிடமிருந்து குறைந்தது நூற்றுக்கு 8 ரூபாய் பிடிக்க வேண்டும்; அதாவது 2160 ரூபாய். வேலை கொடுப்பவர் தன் பங்காக நூற்றுக்கு 12 ரூபாய் போட வேண்டும்; அதாவது 3240 ரூபாய். இரண்டும் சேர்ந்து மாதம் 5400 ரூபாய் அவர் பெயரில் சேர வேண்டும். இதற்கு வெளியே, ஊழியர் நம்பிக்கை நிதிக்கு வேலை கொடுப்பவர் மட்டும் நூற்றுக்கு 3 ரூபாய் போட வேண்டும். அது 810 ரூபாய். ‘எங்க காசைப் புடிச்சிக்கிறாங்க’ என்று மட்டும் இந்த நிதியைத் தெரிந்து வைத்திருக்கும் அக்காமார் பலர். பிடித்த 2160 துண்டில் தெரிகிறது. எதிர்ப்பக்கத்திலிருந்து வரவேண்டிய 3240 என்ற ஒன்று இருப்பதையே அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. வரவேண்டியது எது என்று தெரியாத ஒருவர் அது வரவில்லை என்று எப்படிக் கேட்பார்?

ஓய்வுபெறும்போது வரும் பணிக்கொடை இன்னும் பெரிய கணக்கு. 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டப்படி, ஐந்து வருடத்துக்குக் குறையாமல் வேலை செய்த நாட்சம்பளக்காரருக்கு, பூர்த்தியான ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம், கடைசியாக வாங்கிய வீதத்தில் கொடுக்க வேண்டும். முப்பது வருடம் கொழுந்து எடுத்த ஒருவருக்கு 14 ஐ 1350 ஆல் பெருக்கி, வரும் 18,900 ஐ 30 ஆல் பெருக்கினால் 5,67,000 ரூபாய். இரண்டு பெருக்கல்கள்தான், ஐந்தாம் வகுப்புக் கணக்கு. ஆனால் அந்த அக்கா கையொப்பமிடும் கடதாசியில் 30 வருடம் 24 வருடமாகக் குறைந்திருந்தால், குறைந்தது 1,13,400 ரூபாய். அது தவறுதலாக நடந்ததா வேண்டுமென்று நடந்ததா என்ற ஆராய்ச்சி பிறகு. பெருக்கத் தெரிந்தவர்தான் முதலில் அதைக் கண்டுபிடிக்க முடியும்.

தோட்டத்துப் பெண்களுக்குக் கணக்குத் தெரியாது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். வாப்பாவின் கடையில் நின்று பார்த்தால் போதும். தேங்காய் விலை, பருப்பு விலை, பஸ் காசு எல்லாவற்றையும் மனதிலேயே கூட்டி, ‘நானா, அஞ்சு ரூவா கூடப் போட்டுட்டீங்க’ என்று வாப்பாவைத் திருத்துபவர்கள் அவர்கள். நிறுவைக்குக் கொண்டுபோகும் முன்பே, முதுகில் தொங்கும் சுமையை வைத்துக் கிலோவைச் சொல்லக்கூடியவர்கள். அவர்களிடம் இல்லாதது கணக்கல்ல. அந்தக் கணக்குக் கடதாசியில் ஏறும்போது எடுக்கும் உருவம். மனக்கணக்குக்கும் எழுத்துக் கணக்குக்கும் நடுவில் இருக்கும் அந்த ஒரு படியைத்தான் நாம் கட்ட வேண்டும். அடித்தளம் ஏற்கெனவே போட்டாகிவிட்டது.

வாசிக்கத் தெரியாத கடதாசியைச் சுமந்து திரிவது மலையகத்துக்குப் புதிதல்ல. ‘துண்டு’ என்ற சொல்லுக்கே இங்கே ஒரு வரலாறு இருக்கிறது. வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில், ஒரு கங்காணி தன் ஆட்களோடு வேறு தோட்டத்துக்குப் போவதானால் துரையிடம் ஒரு துண்டு வாங்க வேண்டும். இந்த ஆட்களின் கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் விட்டுவிடுகிறேன் என்று அதில் எழுதியிருக்கும். புதிய தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும்; கடன் தீர்ந்துவிடாது, புதிய தோட்டத்தின் கணக்கில் ஏறும். தன்மேல் எவ்வளவு எழுதப்பட்டிருக்கிறது என்று தெரியாமலேயே ஒருவர் மலைக்கு மலை மாறிப் போனார். இந்தத் துண்டு முறையை 1921 இல் சட்டம் போட்டு ஒழித்தார்கள். துண்டு ஒழிந்தது, துண்டை வாசிக்கும் பழக்கத்தை யாரும் உண்டாக்கவில்லை.

அதற்கும் காரணம் தேட வெகுதூரம் போகத் தேவையில்லை. தோட்டத்தில் ஆறு முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் படிப்புச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று 1907 ஆம் ஆண்டே சட்டம் வந்துவிட்டது. அந்தப் பாடசாலையை நடத்தும் பொறுப்பு துரையிடமே விடப்பட்டது. பிள்ளை கொழுந்து எடுக்க வந்தால் லாபம், எழுத்துப் படித்தால் நட்டம் என்று நினைப்பவரிடம் பாடசாலையைக் கொடுத்தால் அது எப்படி நடந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம். 1945 இல் நாடு முழுவதும் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியே நின்றன. அரசாங்கம் அவற்றைப் பொறுப்பெடுக்கத் தொடங்கியது 1977 இல். இன்று அறுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி பாடசாலை போகும் வயதில் இருந்தபோது அவர் லயத்துக்குப் பக்கத்தில் இருந்தது ஓர் ஆசிரியர் நடத்திய ஒற்றை அறை. ‘அந்தக் காலத்திலேயே படித்திருக்கலாமே’ என்று அவரைப் பார்த்துச் சொல்பவர்கள் இந்த வருடங்களை ஒருமுறை கூட்டிக் கழித்துப் பார்க்கட்டும்.

வாசிக்கத் தெரியாதவர்களுக்கு உரிமையைக் கற்பிக்க முடியுமா என்று கேட்டால், முடியும் என்பதற்கு நம் பக்கத்திலேயே சாட்சி உண்டு. தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர், துரைமார் தோட்டத்துக்குள் விடாதபோது புடவை வியாபாரி வேடத்தில் நுழைந்து லயங்களைப் பார்த்தார் என்று மலையக வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1931 இல் அட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். நோட்டனிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம்தான் அட்டன். பத்திரிகையும் துண்டுப் பிரசுரமும் அச்சிட்ட அதே கையோடு, அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள் கூட்டங்களில் பாடினார். வாசிக்கத் தெரியாதவர்களுக்குச் சட்டத்தையும் சம்பளத்தையும் பாட்டாகக் கொண்டுபோய்க் கொடுத்த அந்த அம்மாளை நான் மலையகத்தின் முதல் வளர்ந்தோர் ஆசிரியை என்றே எண்ணுகிறேன். அவருடைய பாடத்தில் அணிலும் இல்லை, ஆடும் இல்லை. கூலியும் கங்காணியும் இருந்தார்கள்.

அணிலையும் ஆட்டையும் சொல்வதற்குக் காரணம் உண்டு. வளர்ந்தோர் கல்வி என்ற பெயரில் வகுப்புத் தொடங்கும் இடங்களில் பாலர் வகுப்பு அரிச்சுவடியைத்தான் பெரும்பாலும் விரிக்கிறார்கள். காலை ஆறு மணிக்குப் பெரட்டுக்குப் போய், மலையேறி, மாலை நிறுவை முடித்து, தண்ணீர் பிடித்து, சமைத்துவிட்டு வருகிற ஒரு தாயின் முன்னால் ‘அ – அணில்’ என்று ஒரு படத்தை நீட்டினால் அவர் இரண்டு நாள் வருவார். மூன்றாம் நாள் தலைவலி. நான் அவர் பக்கம்தான். அணில் என்று வாசிக்கத் தெரிந்ததால் அவருக்கு என்ன மாறப்போகிறது?

உலகம் இதை எப்போதோ கண்டுகொண்டது. 1965 இல் தெஹ்ரான் நகரில் பல நாட்டுக் கல்வி அமைச்சர்கள் கூடி, எழுத்தறிவு செய்யும் தொழிலோடு சேர்ந்து வரவேண்டும் என்று பேசினார்கள். கூட்டம் தொடங்கிய செப்டெம்பர் 8 ஆம் திகதியைத்தான் இன்றும் உலக எழுத்தறிவுத் தினமாகக் கொண்டாடுகிறோம். அதற்கு இரண்டு வருடம் முன்பு பிரேசில் நாட்டின் அஞ்சிகோஸ் என்ற ஊரில் பாவ்லோ ஃப்ரெய்ரே என்ற ஆசிரியர் சுமார் 300 தொழிலாளர்களுக்கு 40 மணி நேரத்தில் எழுத வாசிக்கக் கற்றுக்கொடுத்தார். அந்த நாட்டில் அவர் பாடத்துக்கு எடுத்துக்கொண்ட சொற்களில் செங்கல், மண்வெட்டி, சம்பளம் என்பவையும் இருந்தன. மக்கள் தினமும் வாயால் சொல்லும் சொல்லைக் கடதாசியில் காட்டினார், அவ்வளவுதான். அடுத்த வருடமே அங்கே இராணுவ ஆட்சி வந்து அவரைச் சிறையில் போட்டது. எழுத்துச் சொல்லிக் கொடுத்த ஒருவரைப் பார்த்து ஆட்சியாளர்கள் ஏன் பயந்தார்கள் என்று யோசித்தால், ‘சம்பளம்’ என்ற சொல் எவ்வளவு பாரமானது என்பது புரியும்.

தமிழில் உதாரணம் வேண்டுமானால் புதுக்கோட்டை. 1991 இல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியபோது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத்தும் ஆயிரக்கணக்கான தொண்டர்களும் கல்லுடைக்கும் பெண்களிடமும் வயல் வேலை செய்யும் பெண்களிடமும் போனார்கள். எழுத்தோடு சேர்த்துச் சைக்கிள் ஓட்டவும் பெண்கள் கற்றுக்கொண்டார்கள். அந்தக் கதை எல்லோருக்கும் தெரிந்தது. நான் பெரிதாக நினைப்பது கல்குவாரிக் கதையை. கூலிக்குக் கல்லுடைத்த பெண்கள் குழுவாகச் சேர்ந்து குவாரியைக் குத்தகைக்கு எடுத்தார்கள். எத்தனை லோடு போகிறது, ஒரு லோடு என்ன விலை, குத்தகைக்கு எவ்வளவு என்று தங்கள் கணக்கைத் தாங்களே பார்க்கவேண்டி வந்தது. கற்ற எழுத்து மறுநாளே வேலைக்கு வந்தால் மறக்காது. வேலைக்கு வராத எழுத்து, மழைக்காலத்துத் துணி காய்வதைவிட மெதுவாக ஏறி, வெயில் பட்ட பனியைப் போலப் போய்விடும்.

ஆகவே நம் பாடம் இப்படித் தொடங்கலாம். முதல் பாடத்தில் ஒருவருடைய சொந்தப் பெயர். இதைச் சின்ன விடயமாக எண்ண வேண்டாம். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், செக்ரோலில் கிளாக்கர் எழுதிய வேறொரு பெயர், அடையாள அட்டையில் சிங்கள எழுத்தில் மூன்றாவது ஓர் உச்சரிப்பு. வீட்டில் கூப்பிடும் பெயர் நான்காவது. பெண்களுக்கு ஐம்பது வயதிலும் ஆண்களுக்கு ஐம்பத்தைந்து வயதிலும் சேமலாப நிதியை எடுக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. எடுக்கப் போகும் நாளில்தான் இந்த நான்கு பெயரும் ஒரே ஆள் என்று நிரூபிக்க வேண்டியிருக்கிறது. சத்தியக் கடதாசி, கிராம உத்தியோகத்தரின் கடிதம், அட்டனுக்கு ஒரு பயணம், திரும்ப ஒரு பயணம், அந்த நாட்களுக்கெல்லாம் பேர் இல்லை. எங்கள் கடைக்கு வரும் ஒரு பாட்டி இரண்டு வருடமாக இப்படி அலைகிறார். பெயரில் ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். வேலைக்குச் சேர்ந்த வருடம் தன் பெயரை எழுத்துக்கூட்டிச் சரிபார்க்க அவரால் முடிந்திருந்தால், அந்த அலைச்சல் இருந்திருக்காது.

பெயருக்குப் பிறகு எண்கள். எண்களுக்குப் பிறகு நிறுவை. ஒரு நாளில் இரண்டு மூன்று தடவை கொழுந்து நிறுக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் தராசு காட்டியது எவ்வளவு, சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று கழித்தது எவ்வளவு, எழுதியது எவ்வளவு என்று ஒரு சின்னக் கொப்பியில் அவரே குறித்து வரட்டும். மாதக் கடைசியில் துண்டில் இருக்கும் கிலோவோடு ஒப்பிடட்டும். இரண்டும் ஒத்துப்போனால் சந்தோஷம்; நிர்வாகத்தின் மேல் நம்பிக்கை கூடும். ஒத்துப்போகாவிட்டால் பேசுவதற்குக் கையில் ஒரு கொப்பி இருக்கும். மருந்துப் போத்தலில் ‘நாளுக்கு மூன்று வேளை’ என்றிருப்பதையும், கிருமிநாசினிப் போத்தலில் எத்தனை லீற்றர் தண்ணீருக்கு எவ்வளவு என்றிருப்பதையும் இதே முறையில் சேர்த்துக்கொள்ளலாம்.

சிங்களம் தனிப் பாடம். எங்கள் பிரதேசமான அம்பகமுவ, 1999 நவம்பரில் வந்த வர்த்தமானியால், நுவரெலியா மாவட்டத்தின் மற்றப் பிரிவுகளோடு சேர்த்து இரு மொழியிலும் நிர்வாகம் நடக்கவேண்டிய பிரிவாக அறிவிக்கப்பட்டது. கடதாசியில் அது நம் உரிமை. அதைக் கேட்டு வாங்க வேண்டும், விடக்கூடாது. ஆனால் நம் தங்கைமார் எல்லோரும் அம்பகமுவவுக்குள் வேலை செய்யப்போவதில்லை. கொழும்புக் கடைகளுக்கும், கட்டுநாயக்க, பியகம ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் போகிறார்கள். அங்கே நீட்டப்படும் படிவம் சிங்களத்தில் இருக்கிறது. நம, லிபினய, தினய, அத்சன என்ற நான்கு சொற்களைக் கண் பிடித்துக்கொண்டாலே பெயர், முகவரி, திகதி, கையொப்பம் எங்கே என்று தெரிந்துவிடும். அதற்கு அடுத்த கட்டம், கையொப்பத்துக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கும் தைரியம். அரசாங்க உத்தியோகத்தர்கள் இரண்டாவது மொழியைக் கற்கவேண்டும் என்று 2007 இல் சுற்றறிக்கை வந்தது. அவர்களுக்கு வகுப்பும் பரீட்சையும் உண்டு. நல்ல ஏற்பாடு. கவுண்டருக்கு மறுபக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் அப்படியொரு சுற்றறிக்கை இல்லை.

இதுவரை தோட்டத்து ஒப்பீஸையும் அரசாங்கத்தையும் பற்றிச் சொன்னேன். நம் வீட்டைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். இந்தப் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களில் பல கடைக் குடும்பங்கள். தோட்டத்து மக்கள் மாதம் முழுவதும் நம் கடைகளில் கடனுக்கு வாங்குகிறார்கள். கடன் கொப்பி கடையில் இருக்கிறது, எழுதுவது நாம், கூட்டுவதும் நாம். அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதிவைப்பது பற்றியது என்பதை அல்-பகராவை ஓதிய எல்லோரும் அறிவோம். அதில் நான் திரும்பத் திரும்ப நினைப்பது ஒன்றை. எழுதுபவர் நீதியாக எழுத வேண்டும் என்பதோடு, யார்மேல் கடன் இருக்கிறதோ அவரே வாசகத்தைச் சொல்ல வேண்டும், அவரால் இயலாவிட்டால் அவருக்காகப் பொறுப்பானவர் நீதியாகச் சொல்ல வேண்டும் என்றும் அந்த வசனம் கட்டளையிடுகிறது. கடன் கொடுத்தவர் தன் இஷ்டத்துக்கு எழுதிக்கொள்ள இடமில்லை. நம் கடைகளில் எத்தனையில் வாடிக்கையாளர் கையிலும் ஒரு கொப்பி இருக்கிறது? வாப்பா சென்ற வருடம் இரட்டைக் கொப்பி முறைக்கு மாறினார்: ஒன்று கடைக்கு, ஒன்று அவர்களுக்கு, ஒரே நேரத்தில் இரண்டிலும் எழுதுவது. முதல் மாதம் வேலை இரட்டிப்பானது என்று அலுத்துக்கொண்டார். இப்போது சம்பள நாளில் வாக்குவாதம் இல்லை என்கிறார்.

பெற்றோர் கேட்கக்கூடிய கேள்விகள் எனக்குத் தெரியாமல் இல்லை. ‘பிள்ளைகள்தான் படித்திருக்கிறார்களே, அவர்கள் வாசித்துக் காட்டட்டுமே’ என்பது ஒன்று. பிள்ளை கொழும்பில் இருக்கிறான், அல்லது துண்டை வாசிக்கத் தெரியாத படிப்புப் படித்திருக்கிறான். வாசிக்கத் தெரிந்தாலும், தன் உழைப்பின் கணக்கை மகன் வாயால் மட்டும் கேட்கும் தாய் அந்தக் காசைப் பற்றி மகனிடம் கேள்வி கேட்க முடியாது. ‘எங்கள் பெண்பிள்ளைகள் தோட்டத்துக்குப் போய்ப் பாடம் நடத்துவதா’ என்பது இன்னொன்று. லயத்துக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. ஞாயிற்றுக்கிழமை பஸாருக்குப் பெண்கள் வருகிறார்கள். பாடசாலை மண்டபமோ, வாசிகசாலையோ, கடைத் திண்ணையோ போதும். பெண்கள் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் அரை மணி நேரம். இரவு வகுப்பு வேண்டாம். களைத்தவர்களை இருட்டில் நடக்கவைத்துப் படிப்பிக்க நினைப்பதே முதல் பிழை.

‘வாசிக்கத் தெரிந்தால் தோட்டத்தில் யார் வேலை செய்வார்கள்’ என்று ஒரு பெரியவர் என்னிடமே கேட்டார். அதற்கு நான் பதில் எழுதப்போவதில்லை. அந்தக் கேள்வியை 1907 இல் துரைமாரும் கேட்டிருப்பார்கள்.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நாம் வாசிக்கக் கற்பிப்பதால், விளங்காதபடி அச்சடிப்பவர்களுக்கு விடுதலை கிடைத்துவிடக்கூடாது. சம்பளத் துண்டின் தலைப்புகள் தமிழில் வரவேண்டும். வேலை கொடுப்பவர் செலுத்தும் 12 சதவீதமும் 3 சதவீதமும் அதே துண்டில் தெரியவேண்டும். இதற்கு ஆகும் செலவு கொஞ்சம் மையும் இரண்டு வரி இடமும். தொழிற்சங்கங்கள் சம்பள உயர்வு கேட்கும் கூட்டத்திலேயே இதையும் கேட்கலாம். கேட்பதற்குக் கூச்சப்பட எதுவுமில்லை.

சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை நம் தங்கைமார் மாதக்கணக்கில் வீட்டில் இருக்கிறார்கள். தையல் வகுப்புக்கும் கணினி வகுப்புக்கும் போகிறவர்கள் போகட்டும். மற்றவர்களில் சிலர் இந்த வேலைக்கு வந்தால் போதும். நம் கல்லூரித் தமிழ் இலக்கிய மன்றம் பன்னிரண்டு பக்கத்தில் ஒரு சின்னக் கையேடு தயாரிக்கலாம். கணிதம் படிக்கும் மாணவிகள் கணக்குகளைப் பார்க்கட்டும், சிங்களம் நன்றாக வருபவர்கள் படிவங்களைப் பார்க்கட்டும். எழுத்துப் பெரிதாக இருக்க வேண்டும். படங்கள் வரைய நம்மிடம் ஆட்களுக்குக் குறைவில்லை. அச்சிடும் முன் பஸாரில் நாலு அக்காமாருக்குக் காட்டி, அவர்களுக்கு விளங்காத பக்கத்தைத் திரும்ப எழுத வேண்டும். தலைமை ஆசிரியையிடம் மன்றத்தின் சார்பில் கேட்டிருக்கிறோம், மறுக்கவில்லை.

அதற்கு முதல் தேவை உண்மையான துண்டுகள். தோட்டத்துக்குத் தோட்டம் கட்டங்கள் மாறுவதால் ஒன்றிரண்டு போதாது. நூலகத்தில் சஞ்சிகை வைக்கும் மேசைக்குப் பக்கத்தில் ஒரு அட்டைப் பெட்டி வைத்திருக்கிறோம். வீட்டுக்கு வேலைக்கு வரும் அக்காவிடமோ, கடைக்கு வருபவரிடமோ, பக்கத்து வீட்டாரிடமோ விருப்பத்தைக் கேட்டு, பழைய சம்பளத் துண்டு ஒன்றை வாங்கி வாருங்கள். பெயரையும் இலக்கத்தையும் கறுப்புப் பேனையால் அடித்துவிட்டுப் போடுங்கள். எந்த வருடத்துத் துண்டு என்பது மட்டும் தெரியட்டும்.